மணிக்கூண்டுக்கு யார் முதலில்

கடைசி நாள் என்னுடையது. இதில் பேச்சுக்கே இடமில்லை.

விடுதி அறையில் பல் தேய்க்கும்போது இந்த முடிவை எடுத்தேன். கண்ணாடியைப் பார்த்து ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். கம்பீரமாகத்தான் இருந்தது. வெளியே வந்து மனைவியிடம் சொன்னபோது கம்பீரம் குளியலறையிலேயே தங்கிவிட்டது.

நான் நகரப் பேருந்துக் கழகத்தில் தடம் போட்டவன். எந்த பஸ் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. பஸ் வராத நாளெல்லாம் ஊரே என்னைத் திட்டியது, நான் யாரென்று தெரியாமலே. ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவையாக வெளிநாடு வந்திருக்கிறேன். வந்த ஊர் லேசுப்பட்டதல்ல. மேலே டிராம். கீழே சுரங்க ரயில். நடுவில் மனுஷன் நடக்க இடம். நடைபாதையில் வண்டி நிற்கவில்லை, கடை பரப்பவில்லை, பள்ளம்கூட இல்லை. நம்ப முடியாமல் முதல் நாள் அதில் இப்படியும் அப்படியுமாகச் சும்மாவே நடந்தேன். மாத்திரை போட்டாயிற்றா என்று மனைவி கேட்டாள்.

ஆனால் என் கண் டிராம் பணிமனை மீது. பழைய டிராம்களையெல்லாம் பளபளவென்று துடைத்து அங்கே வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள்தான் வெளியாட்களை உள்ளே விடுவார்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று கூட்டிப் போவார்களாம். அந்த நாள் எங்கள் கடைசி நாளில் வந்து விழுந்திருந்தது. ஓட்டுநர் பக்கத்து இருக்கை. இத்தனை வருஷம் தடம் போட்டவன், ஒரு நாளாவது முன்னால் உட்கார்ந்து அதைப் பார்க்க வேண்டாமா?

குறுக்கே நின்றவர் சகலை. மனைவியின் தங்கை புருஷன். இதே ஊரில்தான் குடும்பத்தோடு இருக்கிறார். தங்கமான மனுஷன், வாயைத் திறக்காதவரை. புதிதாகக் குளியலறை கட்டியிருக்கிறார். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் போகிறது என்று ஆரம்பித்தால் தண்ணீர்கூட வந்து சேர்ந்துவிடும், அவர் பேச்சு வந்து சேராது. வந்த மறுநாளே மாட்டிக்கொண்டேன். வயிற்று வலி என்று பொய் சொல்லிப் பாதியில் தப்பித்தேன்.

"கடைசி நாளை தங்கச்சிகூட கழிக்கிறதா சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி.

"உன் சகலபாடி குழாய் புராணத்தை இன்னொரு தடவை என்னால கேக்க முடியாது."

"என் சகலபாடி இல்ல, உங்களுக்குத்தான். நீங்க பஸ் புராணம் பாடினப்ப அவர் கேக்கலியா?"

"அது பொது விஷயம்."

"பாவம், அவரு தூங்கினதைக்கூட பொதுவுலதான் தூங்கினாரு."

இப்படியே போனது. பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார். கடைசியில் நான்தான் பந்தயம் என்றேன். ஊரின் மறுகோடியில் ஆற்றங்கரையில் ஒரு மணிக்கூண்டு. இரண்டு பேரும் தனித்தனியே கிளம்புவோம். யார் முதலில் போய்ச் சேருகிறாரோ, கடைசி நாள் அவர் சொற்படி. வழி தெரியாத பெண்பிள்ளையிடம் இப்படிப் பந்தயம் கட்டுவது நியாயமா என்று மனசாட்சி கேட்டது. வாயை மூடு என்றேன்.

அவள் உடனே ஒத்துக்கொண்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நான் டிராம்ல வரேன். நீங்க சுரங்க ரயிலா? அப்ப அந்தப் பெரிய சந்திப்பு வழியா மட்டும் வராதீங்க. மூணு தடம் ஒண்ணா கூடுற இடமாமே. கூரையெல்லாம் கண்ணாடியாம், அடி ஆழம் வரைக்கும் வெயில் விழுமாம். வேடிக்கை பாக்குற கூட்டத்துல நேரம் போயிடும். சுத்து வழியா வாங்க."

தடம் போட்டவனுக்கு வழி சொல்கிறாள். சுற்று வழியாம். நேராகச் சந்திப்புக்கு ரயில் ஏறினேன்.

இறங்கினேன். அவ்வளவுதான்.

பூமிக்கு அடியில் மூன்று மாடி. மேலே கண்ணாடிக் கூரை. அதிலிருந்து வெயில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் கடைசித் தளம் வரை இறங்குகிறது. தரையில் ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு நிறத்தில் கோடு. சிவப்புக்காரன் சிவப்புக் கோட்டில் போகிறான், நீலக்காரன் நீலத்தில். யாரும் யார் மீதும் இடிக்கவில்லை. யாரும் யாரையும் வழி கேட்கவில்லை. பார்வையில்லாத ஒருவர் தரையில் இருந்த மேட்டுப் புள்ளிகளைக் கோலால் தொட்டபடி என்னைவிட வேகமாகப் போனார். நான் ஆயுசு பூராவும் காகிதத்தில் போட்டுப் போட்டு, மேலதிகாரி கிழித்துக் கிழித்துப் போட்டதெல்லாம் இங்கே கல்லிலும் கண்ணாடியிலும் நின்றது.

ஒரே ஒரு நிமிஷம் பார்ப்போம் என்றுதான் நினைத்தேன். நகரும் படியில் மேலே போனேன். மேலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமே. பிறகு கீழே போனேன். கீழிருந்தும் தெரிய வேண்டுமே. மஞ்சள் கோட்டின் முடிவு வரை நடந்தேன். அது வெளியே பஸ் நிற்கும் இடத்தில், பஸ்ஸின் வாசலுக்கு நேராகப் போய் முடிந்தது. வாசலுக்கு நேராக. எனக்குக் கண் கலங்கியது. நிலையக் காவலர் ஒருவர் வந்து தொலைந்துவிட்டேனா என்று விசாரித்தார். நானா தொலைவேன்? ஒரு அறிவிப்புப் பலகையை இன்னும் ஒரு முழம் உயர்த்த வேண்டும் என்று அவருக்குக் கை ஜாடையில் விளக்கினேன். அவர் என்னைப் பத்திரமாக ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

தண்ணீரைக் குடிக்கும்போதுதான் மணிக்கூண்டு ஞாபகம் வந்தது.

ஓடினேன். என் வயதில் அதை ஓட்டம் என்று சொல்லலாம்.

மணிக்கூண்டின் கீழே பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றியிருந்தாள்.

"சந்திப்பு நல்லா இருந்துச்சா?" என்றாள்.

"சுத்து வழியா வந்தேன்."

"பொய் சொல்லாதீங்க. வந்த நாள்லேருந்து வரைபடத்துல அந்த இடத்தையே விரலால தடவிட்டிருந்தீங்க. காகிதமே தேஞ்சு போச்சு. போகாதீங்கன்னு சொன்னா போவீங்கன்னு தெரியும்."

தோற்றுவிட்டேன். கடைசி நாள் குழாய்க்குள் போய்விட்டது. தலையைக் குனிந்து, எத்தனை மணிக்கு உன் தங்கை வீடு என்று கேட்டேன்.

"தங்கச்சி வீட்டுக்கு இல்ல. பணிமனைக்குத்தான் போறோம்."

என் காதை நம்பவில்லை. முப்பது வருஷம் கழித்து இந்தப் பெண்பிள்ளை மீது புதிதாக ஒரு பிரியம் பொங்கியது. நல்ல மனசு உனக்கு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முடித்திருக்கவில்லை.

இவள் ஏறி வந்த டிராமை ஓட்டியது ஒரு பெண்ணாம். வழியெல்லாம் இருமினாளாம். இவள் நிறுத்தத்தில் இறங்கும்போது பையிலிருந்த இருமல் மிட்டாயை எல்லாம் அள்ளிக் கொடுத்தாளாம். இவளுக்குத் தெரிந்த வெளிநாட்டு மொழி இரண்டு வார்த்தையும் பத்து விரலும்தான். அதிலேயே சிநேகமாகிவிட்டார்கள். நாளை பணிமனையில் பழைய டிராமை ஓட்டப்போவதும் அந்தப் பெண்தானாம்.

"பக்கத்துல உட்கார வான்னு கூப்பிட்டா."

"நம்ம ரெண்டு பேரையுமா?"

"ஒரு இருக்கைதான் இருக்குமாம்" என்றபடி செருப்பை மாட்டினாள். "நீங்க வெளியில தனியா நிக்க வேணாமேன்னு தங்கச்சியையும் அவரையும் அங்கயே வரச் சொல்லிட்டேன். இன்னிக்குக் காலையில அவர் போன் பண்ணினப்ப, எங்க போனாலும் நாளைக்கு உங்க பக்கத்துலயே இருப்பேன்னு சொன்னாரு."

மறுநாள் பணிமனையிலிருந்து மஞ்சள் நிற டிராம் ஒன்று பளபளவென்று புறப்பட்டது. முன்னால் ஓட்டுநருக்குப் பக்கத்தில் மகாராணி மாதிரி என் மனைவி. கயிற்றை இழுத்து மணியைக்கூட அவளே அடித்தாள். மைத்துனி கைதட்டினாள். நானும் கையை ஆட்டினேன். அந்தக் கையைச் சகலை மெதுவாகப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வயித்து வலி இப்ப தேவலையாண்ணே? அன்னிக்கு வடக்குச் சுவரோட நிறுத்திட்டோம்."