மீன் கிருமியும் ஒரு சாலை மறியலும்

என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று வழியில் யாராவது கேட்டால், "சும்மா படிக்கிறேங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது உடம்புக்கு நல்லது. சின்ன வயதில் எனக்கு இது தெரியாது. (இப்போதும் வாய் நிற்பதில்லை என்பது வேறு விஷயம்.)

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம். மீன்களுக்குப் புண் நோய் உண்டாக்கும் பாக்டீரியாவை உறையவைத்து, ஈரத்தை உறிஞ்சிப் பொடியாக்கி, சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்திருந்தோம். இப்படிக் காய்ந்த கிருமி சாகாது, வருடக்கணக்கில் தூங்கும். ஈரம் பட்டால் விழித்துக்கொள்ளும். குப்பிகளைச் சென்னையிலிருந்து சேலத்து ஆய்வுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

கள்ளக்குறிச்சி தாண்டியதும் பேருந்து நின்றது. சாலைக்குக் குறுக்கே ஒரு புளியமரம் வெட்டிக் கிடந்தது, அதன்மேல் இளைஞர்கள். எல்லோரும் இறங்கினோம். குப்பிகள் உடைந்திருக்குமோ என்று பையைத் திறந்து பார்த்தேன். அதுதான் வினை.

"இன்னாம்மா அது, மருந்தா?" என்றார் பக்கத்தில் நின்றிருந்த பயணி. கச்சிராயபாளையத்துக்காரர், குட்டையில் மீன் வளர்ப்பவராம்.

"மீன் நோய்க் கிருமிங்க."

அவர் காதில் நோய் மட்டும்தான் விழுந்திருக்க வேண்டும். "நம்ம மீனெல்லாம் புண்ணு வந்து மெதக்குது. ரெண்டு குடும்மா!"

"ஐயோ, இதப் போட்டா மிச்சமும் செத்துடுங்க!"

"அப்ப அத ஏன் பத்திரமா வெச்சிக்கினு சுத்துற?"

நியாயமான கேள்வி. தடுப்பு மருந்து, பரிசோதனை என்று ஏதோ ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே புரியவில்லை. அதற்குள் கூட்டத்தில் ஒரு குரல், "கோமுகி டேம்ல கலக்கப் போவுதாம்பா!" மரத்தின் மேலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள். அவர்கள் பின்னாலேயே காவலுக்கு நின்ற போலீஸ்காரர்.

"வெடிமருந்தா?" என்று பையைப் பிடுங்கினார். "அந்த வாளியக் கொண்டாங்கய்யா, தண்ணில முக்கிடலாம்."

"சார், அது நாங்க குடிக்கிற தண்ணி!" என்றார் மறியலுக்குத் தலைமை தாங்கியவர்.

"தண்ணி படக் கூடாது! உயிர் வந்துடும்!" என்று நான் அலறினேன்.

(குப்பிகளின் வாயை உருக்கி அடைத்தவளே நான்தான். கடலில் போட்டாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. பதற்றத்தில் அது மறந்தே போயிற்று.)

கூட்டம் பின்வாங்கியது. போலீஸ்காரர் பையை என்னிடமே திணித்துவிட்டுக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"டேய், மரத்த நவுத்துங்கடா!" என்றார் தலைவர். "இந்தம்மா வண்டி மட்டும் போவட்டும். ஜல்தி!"

போலீஸ்காரரும் ஒரு கை கொடுத்தார். இரு தரப்பும் அன்றைக்கு ஒத்துப்போனது என் விஷயத்தில் மட்டும்தான். சேலம் வரை மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நான் தனியாக உட்கார்ந்து போனேன்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சுங்கச்சாவடியில் வண்டி வரிசையில் நின்றால் போதும், என் மகள் கதவைத் திறந்துவிடுகிறாள்: "அம்மா, எறங்கிப் போய் உன் ஆராய்ச்சியப் பத்தி ரெண்டு வார்த்தை பேசிட்டு வா. உடனே வழி விட்டுடுவாங்க."