மூன்று மாதத் துரு

"மினுங்குதா?" என்று றுஸ்னா போனில் அன்ஸாபிடம் கேட்டாள்.

"சும்மா மினுங்கல்ல. மொகம் பார்த்து ஷேவ் எடுக்கலாம்."

"எல்லா லாம்பையுமா?"

"பின்ன? மாமா தந்த முதல் வேல. ஒண்ணச் செஞ்சி ஒண்ண உடலாமா?"

மறுமுனையில் நீண்ட பெருமூச்சு. "யா அல்லாஹ். அதெல்லாம் வாப்பா வேணும்னே துரு ஏத்தி வெச்ச லாம்புங்க. மூணு மாசமாத் தண்ணி தெளிச்சி, வெயில்ல வெச்சி, புள்ள வளர்க்கிற மாதிரி வளர்த்த துரு."

அன்ஸாப் கட்டார் கப்பல் துறையில் லேசர் பிடித்துப் பழகியவன். பார்க்கத் தலைமுடி உலர்த்துகிற மெசின் மாதிரி இருக்கும். விசையை அழுத்தினால் போதும், துரு படபடவென்று புகையாகப் போய், இரும்பு பிறந்த மேனிக்கு வந்துவிடும். அப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு மாத்தளைக்கு வந்து கராஜ் திறந்தான். ஊர்சனம் வந்து பார்த்தது, ஆச்சரியப்பட்டது, பிளேன்ட்டீ குடித்துவிட்டுப் போனது. அதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. அவனுடைய கவலை எல்லாம் றுஸ்னாதான்.

றுஸ்னாவின் வாப்பா நுஹ்மானுக்குப் பலாபத்வலயில் இரும்புச் சாமான் கடை. அன்ஸாபின் உம்மா றஸ்மியா பெண் கேட்டுப் போனபோது அவர், "பார்ப்போம்" என்றார். ஒரு மாதமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பொறுக்க முடியாமல் பள்ளிவாசல் வாசலில் அன்ஸாபே மறித்துக் கேட்டுவிட்டான்: "மாமா, ஒரு வேல தந்து பாருங்க. என்ட மெசின் என்ன செய்யும்னு காட்டுறன்."

செவ்வாய்க்கிழமை அவருடைய டிரைவர் ஷிஹாம் ஒரு லொறி நிறைய, வாசலில் தொங்கவிடுகிற துருப்பிடித்த இரும்பு லாம்புகளை இறக்கிவிட்டு, "வெள்ளிக்கிழம ஜும்ஆக்குப் பொறகு மாமா எடுக்க வருவாங்க" என்றான். அதற்கு மேல் அவன் ஒரு சொல் சொல்லவில்லை. இவனும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு லேசரைப் பிடித்துவிட்டான்.

"அப்ப ஏன் என்ட கராஜுக்கு அனுப்பின?" என்று இப்போது போனில் றுஸ்னாவிடம் கேட்டான்.

"எங்கட கொட்டில்ல தகரம் பறந்திட்டு. மழைல துரு கழுவுப்படாம வெக்கத்தான் அனுப்பின. எல்லாம் தம்புள்ள ஹோட்டல் ஒண்டு அழகுக்குத் தொங்கவிடக் கேட்டது. சாமான் புதுசுன்னு சொல்லித்தான் வாப்பா விக்கிற. ஆனா பார்க்கப் பழசா ஈக்கணும். எங்கட வீட்டுச் சோறே அதுலதான்."

"இப்ப என்ன செய்ற?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள துரு ஏத்துங்க. இல்லாட்டி வாப்பா 'பார்ப்போம்'னுகூடச் சொல்ல மாட்டாங்க."

துரு ஏத்துவது என்ன பெரிய வேலையா? வேண்டாம் வேண்டாம் என்று துரத்தினாலும் வந்து ஒட்டிக்கொள்கிற சனியன்தானே. ஆனால் வா என்று கூப்பிட்டுப் பார்க்க வேண்டும், அப்போது தெரியும் அதன் கிராக்கி.

பக்கத்தில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வைத்திருந்த இரத்தோட்டைக் கிஷாந்த், "உப்புத்தண்ணி தெளி மச்சான்" என்றான். தெளித்தார்கள். பின்னேரம் அங்கங்கே மஞ்சள் புள்ளி விழுந்தது.

கிஷாந்த் சுற்றி வந்து பார்த்தான். "பழசு மாதிரி இல்ல மச்சான். அம்மை போட்ட மாதிரி இருக்கு."

"சரி, வேற வழி சொல்லு."

"தேசிக்கா புழிஞ்சா இரும்பு கறுக்கும். எங்க வீட்டு அருவாமனையில பாத்திருக்கேன்."

றஸ்மியா ஊறுகாய்க்கு வைத்திருந்த தேசிக்காய் அத்தனையும் கராஜுக்கு வந்தது. பிழிந்து பூசினார்கள். விடிந்ததும் பார்த்தால் இருந்த புள்ளியும் போய், லாம்புகள் பல்லைக் காட்டிச் சிரித்தன. துரு எடுக்க இவ்வளவு பெரிய மெசின் எதற்கு, உம்மாவின் தேசிக்காய் போதுமே என்று அன்ஸாபுக்கே தோன்றிவிட்டது.

"தேசிக்கா எங்க?" என்று கேட்டுக்கொண்டு றஸ்மியா வந்தார்.

"லாம்புக்குப் பூசிட்டம் உம்மா."

"ஏன், லாம்புக்குத் தடிமனும் இருமலுமா?"

அவன் துருக்கலர் பெயின்ற் வாங்க ஓடினான். பூசி முடித்ததும் உம்மா தலையைச் சாய்த்துப் பார்த்து, "நல்லாத்தான் ஈக்கி. பேர்த்டே கேக் மாதிரி" என்றார். றுஸ்னாவுக்குப் படம் அனுப்பினான். 'வாப்பா ரோட்டுல நின்டே கண்டுபிடிப்பாங்க. உரிங்க' என்று பதில் வந்தது.

உரித்தான். வேறு எதனால், அதே லேசரால்தான். லாம்புகள் முன்னைவிடப் பளபளத்தன. அன்ஸாபுக்கு அழுகையே வந்துவிட்டது. ஊரில் ஆயிரம் பெண்கள் இருக்கலாம், அவனுக்கு றுஸ்னா ஒருத்திதான் வேண்டும். வந்த ஆத்திரத்தில் லாம்புகளை முற்றத்தில் கொண்டுபோய்க் கொட்டி, மிச்ச உப்புத்தண்ணீரை அவற்றின் தலையில் ஊற்றிவிட்டு உள்ளே போய்ப் படுத்தான். சொல்லி வைத்தாற்போல மழையும் பிடித்தது.

வெள்ளிக்கிழமை காலை கிஷாந்த்தான் கத்திக் கூப்பிட்டான். "மச்சான், புடிச்சிருச்சு."

பிடித்திருந்தது உண்மைதான். ஒரு இடம் விடாமல் பிடித்திருந்தது. ஆனால் நுஹ்மான் மாமாவின் துரு கோப்பிக்கொட்டை மாதிரி நல்ல கபில நிறம். இது பழுத்த பப்பாசி.

"துரு துருதானே மச்சான். யாரு பாக்கப் போறா?"

"மாமா பார்ப்பாங்க."

ஜும்ஆ முடிந்து லொறி வந்தது. நுஹ்மான் இறங்கியதும் கிஷாந்துக்குக் கடையில் அவசர வேலை வந்துவிட்டது. மாமா ஒரு லாம்பைத் தூக்கினார். திருப்பினார். பெருவிரலால் தேய்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இது என்ட துரு இல்லயே."

அவ்வளவுதான், அன்ஸாப் உடைந்துபோனான். லேசர், உப்பு, தேசிக்காய், பெயின்ற், மழை என்று ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தான். "பிழ என்டதான் மாமா. என்ன தண்டன வேணும்னாலும் தாங்க. றுஸ்னாவ மட்டும் இல்லன்னு சொல்லிராதீங்க."

நுஹ்மான் லாம்பைக் கீழே வைக்கவில்லை. "மழ எப்பப் புடிச்ச?"

"நேத்துப் பின்னேரம், அஸர் நேரம்."

"நேத்தா? அப்ப இது ஒரு நாள் துருவா?"

அன்ஸாப் தலை குனிந்தான். "கலர் பிழைதான் மாமா."

"கலருக்கென்ன, எண்ணெத் துணியால தொடச்சா கபிலமாகிரும்." அவர் இன்னொரு லாம்பையும் தூக்கிப் பார்த்தார். "எனக்குச் சாமான் வார நேரமே கறுப்புப் பெயின்ற் பூசித்தான் வரும். அது கழண்டு துரு ஏற மூணு மாசம். உங்கட மெசினால உரிச்சி உட்ட இரும்புல ஒரே நாள்ல இப்பிடி ஓடி வந்து புடிக்கிதா?"

பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஷிஹாம், கடையில கெடக்குற கதவு வளையம், கீல், ஆணி எல்லாத்தையும் ஏத்திட்டு வா."

அன்ஸாப் ஒன்றும் விளங்காமல் நின்றான். நுஹ்மான் அவனுடைய தோளில் கை போட்டார்.

"துரு எடுக்குற மெசின், துரு எடுக்குற மெசின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீங்களே மகன். துரு ஏத்துற மெசின்னு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, போன மாசமே நிக்காஹ் முடிஞ்சிருக்குமே."