முழுப் பேருக்கு ஆசைப்பட்ட மூன்றாம் தரம்

பயிற்சிப் பட்டறைக்குப் போய்வந்த ஆசிரியரிடம் ஒரு வாரத்துக்குப் பிள்ளைகளை ஒப்படைக்கக் கூடாது. சூடு ஆறும்வரை வெளியே உட்கார வைப்பது நல்லது. என்னை யாரும் உட்கார வைக்கவில்லை.

ஹட்டனில் நடந்த பட்டறையில் சொன்னார்கள்: பிள்ளையைக் கெட்டிக்காரன் என்று புகழாதீர்கள், முயற்சியைப் புகழுங்கள், தவறு விட்டுத் திருத்தும்போதுதான் மூளை வளர்கிறது. எங்கள் குடும்பத்தில் உயர்தரம் வரை போன முதல் ஆள் நான். (அதற்கே மூன்று முறை பரீட்சை எழுதியவன்.) அந்த வசனத்தில் உருகிவிட்டேன்.

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் மூன்றாம் தரம் என் வகுப்பு. பிள்ளைகளுக்கு விளங்க வேண்டுமே என்று, அவர்களுடைய அம்மாமார் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்தே உதாரணம் எடுத்தேன். சொன்ன நிறைக்குப் பறித்தால் கணக்கப்பிள்ளை முழுப் பேர் போடுவார். குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்.

"இனி நம்ம வகுப்புலயும் பேர் போடுவேன். தப்பு விட்டுத் திருத்துறவங்களுக்கு முழுப் பேர். யோசிக்காம டக்குனு சரியாச் சொன்னா அரைப் பேர்தான்."

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? அன்று முதல் எல்லாரும் முதலில் தப்பாகச் சொன்னார்கள். இரண்டாம் முறை கேட்டதும் அழகாகத் திருத்தினார்கள். நானோ மூளைகள் வளரும் சத்தமே காதில் கேட்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். என் நியமனம் நிரந்தரமாவது அவர் எழுதும் மதிப்பீட்டில் இருந்தது.

முன்வரிசை சுலோசனாவிடம், "எட்டும் ஏழும் எத்தனை, மகள்?" என்றார்.

"பன்னெண்டு சார்," என்று சொல்லிவிட்டு, மறுபடி கேட்பார் என்று சிரித்தபடி காத்து நின்றாள். அவர் அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டார்.

"மாட்டுக்கு எத்தன கால்?"

"மூணு சார்."

"சரி, இந்தப் பள்ளிக்கூடம் எந்த ஊர்ல இருக்கு?"

"மஸ்கெலியால சார்."

பின்னால் நின்று நான் காட்டிய சைகையைப் பிள்ளைகள் உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டார்கள். சுலோசனா அழத் தொடங்கினாள்.

"எதுக்கும்மா அழுவுற?"

"நீங்க ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல சார். என் முழுப் பேர் போயிருச்சு. சரியாச் சொன்னா எங்க சார் அரைப் பேர்தான் போடுவாரு."

வகுப்பே தலையாட்டியது. அதிகாரி என்னைப் பார்த்தார். மூளை வளர்ச்சி பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வளரட்டும் தம்பி. நான் அடுத்த வருசம் வந்து பாக்குறேன்."

நியமனம் அத்தோடு ஒரு வருடம் தள்ளிப்போனது. கதை மட்டும் தள்ளிப்போகவில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் அன்று மாலையே, அதே தோட்டத்தில் வேலை செய்யும் என் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது.

அந்த வருடத்துக்குள்தான் றொசல்லயில் பெண் பார்க்கப் போனோம். பெண்ணின் மாமா நேராகவே கேட்டார்.

"மாப்பிளைக்கு வேல நிரந்தரந்தானே?"

"இன்னும் இல்லைங்க," என்றேன்.

அம்மா தேநீர்க் கோப்பையை நிதானமாகக் கீழே வைத்தார்.

"இன்னொருக்கா கேளுங்கண்ணே. இவன் மொதத் தடவ தப்பாத்தான் சொல்லுவான்."

உள்ளறையில் யாரோ சிரித்தார்கள். அப்படிச் சிரித்தவளைத்தான் கட்டிக்கொண்டேன். இன்றுவரை, நான் எதைச் சொன்னாலும் இரண்டாம் முறை கேட்ட பிறகுதான் நம்புகிறாள்.