நானூறு ஹப்பா

தனக்குத் தெரியாத சாமானை விற்கிறவனுக்கு வாய் கொஞ்சம் கூடுதலாகவே நீளும். என் வாய் புதுக்கோட்டையில் மிக்ஸி, கிரைண்டர் விற்று நீண்டது.

அந்த வாயை நம்பித்தான் அபுதாபியில் வேட்டைச் சாமான் விற்கும் கடையில் டென்ட், ஐஸ்பெட்டி பகுதிக்கு என்னை எடுத்தார்கள். ப்ரொபேஷன் முடிந்து வேலை நிரந்தரமானால் குடும்ப விசா. அது கையில் கிடைத்துவிட்ட மாதிரியே நான் போனில் அளந்ததை நம்பி, என் மனைவி சுமதி பள்ளிக்கூட டீச்சர் வேலையை ராஜினாமா செய்துவிட்டாள். பிரிவு உபசார விழாவில் ஒரு சுவர்க்கடிகாரமும் வாங்கிவிட்டாள். (கடிகாரத்தையாவது திருப்பிக் கொடுக்கலாம், வேலையை யார் திருப்பித் தருவார்?)

ப்ரொபேஷனின் கடைசி வாரம். துப்பாக்கி கவுண்டர்காரர் லீவு.

"ஆரும் வந்தால் எடுத்துக் காட்டும். விக்கிறதெண்டால் என்னைக் கூப்பிடும்" என்றார் மேனேஜர். யாழ்ப்பாணத்துக்காரர். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது, அதனாலேயே அவரிடம் எனக்குப் பயம்.

வந்தார் ஓர் அரபி. ஆப்பிரிக்காவுக்குக் காட்டெருமை வேட்டைக்குப் போகிறாராம், லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வேண்டுமாம். அதில் விசையைச் சுற்றி வளையமாக ஒரு பிடி இருக்கும். அடிபம்பு மாதிரி அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். (என் மொத்த அறிவும் இவ்வளவுதான்.)

"நானூற்று நாற்பத்துநாலா, நாற்பத்தைந்து-எழுபதா? எது நல்லது?" என்று இரண்டு துப்பாக்கி அளவுகளைச் சொல்லிக் கேட்டார்.

ஐநூறு வாட்ஸ் மிக்ஸியைவிட எழுநூற்றைம்பது வாட்ஸ் மேல். அதே கணக்கில், "நானூற்று நாற்பத்துநாலுதான் சார், நம்பர் பெருசு" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நாற்பத்தைந்து-எழுபதுக்குத்தான் குண்டு அகலம். தோட்டாவும் எங்கேயும் கிடைக்கும்" என்று அதையே எடுத்துக்கொண்டார்.

தோட்டாவையாவது நாம் தேர்ந்தெடுப்போம் என்று, மூக்கு கூராகப் பளபளவென்று இருந்த ஒரு வகையைக் காட்டினேன்.

"மாஃபி" என்றார், கூடாது என்று கையை ஆட்டி. "இந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். கூர்மூக்கு முன்னால் நிற்பதன் பின்பக்கத்தில் இடித்தால் உள்ளேயே வெடிக்கும். தட்டை மூக்கு கொடு. எருமைத் தோலில் நசுங்காத கெட்டிக் குண்டு. அர்பமீயா ஹப்பா."

அர்பமீயா என்றால் நானூறு. ஹப்பா, நான் இங்கே வந்த முதல் நாளே கற்ற சொல். சமோசா மூணு ஹப்பா, குப்பூஸ் ரொட்டி அஞ்சு ஹப்பா. ஆக, நானூறு தோட்டா. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

"சார், நானூறு தோட்டா ஆர்டர் பிடிச்சிட்டேன்."

அவர் முகம் வெளிறியது. போலீஸ் அனுமதித் தாளில் எத்தனை தோட்டா போட்டிருக்கிறதோ அத்தனைதான் விற்கலாம், மீறினால் கடைக்கே பூட்டு. வேகமாக வந்து, தாளை வாங்கிப் பார்த்து, அரபியில் பணிவாக, "நானூறு முடியாது சார்" என்றார்.

"சரி, முந்நூற்றைம்பது?"

"அதுவும் முடியாது."

"முந்நூறாவது?"

"மன்னிக்கணும் சார்."

"பின்னே எவ்வளவுதான் தருவாய்?"

"இருபது."

"இருபதா? அதை வைத்து எருமைக்கு முதுகுதான் சொறியலாம்" என்றார் அரபி.

மேனேஜர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அவர் கேட்டதை அப்பிடியே சொல்லும்."

"அர்பமீயா ஹப்பா."

"ஐசே, தோட்டாவிலை ஹப்பா எண்டால் கிரெயின். ஒரு குண்டின்ரை எடை. நானூறு கிரெயின் எண்டால் இருபத்தாறு கிராம். அவர் எண்ணிக்கை கேக்கேல்லை, எடை கேட்டவர்."

விஷயம் புரிந்ததும் அரபி சிரித்த சிரிப்பில் தலைத்துணி நழுவியது. ரைஃபிளும் இருபது தோட்டாவும் வாங்கிக்கொண்டு, வாசல்வரை சிரித்துக்கொண்டே போனார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. "உமக்கு ப்ரொபேஷன் இன்னும் மூண்டு மாசம். இந்தக் கவுண்டர் பக்கம் திரும்பவும் கண்டால் கலாஸ், வேலை முடிஞ்சுது."

அவமானத்தைவிட, சுமதியிடம் இதை எப்படிச் சொல்வது என்ற பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

இன்றும் அதே கடையில்தான் டென்ட் விற்கிறேன். சுமதியும் மகளும் இங்கே வந்து வருஷங்களாகிவிட்டன. "எனக்கு ரெண்டு தோசை போதும்" என்றால், "எண்ணிக்கையாப்பா, எடையா?" என்பாள் மகள். விருந்தாளிகள் இருந்தால் முழுக்கதையும் அபிநயத்தோடு நடக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன், வேறு வழியில்லை.

ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் சுமதி. அன்று சாயங்காலமே போனில் எல்லாவற்றையும் சொல்லி, "இன்னும் மூணே மாசம்தான்" என்று முடித்தேன். வேலையை விட்டுவிட்டு என் அம்மா வீட்டில் உட்கார்ந்து, 'எப்பக் கிளம்புற?' என்று கேட்கிற தெருவுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணினாள்.

பிறகு கேட்டாள்: "எண்ணிக்கையில மூணு, சரி. எடையில எவ்வளவுங்க?"