588-இன் வர்க்கமும் உன் மாப்பிள்ளையும்

அன்பும் மரியாதையும் கலந்து அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், ஒருவரைத் தவிர. அவரைக் கெடுத்தது நீ என்பதால்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த வாரம் நீ வந்தாய். டெலிபோன் மேல் நான் எழுதி ஒட்டியிருந்த 5882353 என்ற எண்ணைப் பார்த்தாய். கணக்குப் பேராசிரியரால் சும்மா இருக்க முடியுமா? "மாப்பிள்ளை, இதை 588, 2353ன்னு ரெண்டா வெட்டுங்க. தனித்தனியா வர்க்கப்படுத்திக் கூட்டுங்க, அதே நம்பர் திரும்பி வரும். போதாததுக்கு இது பகா எண் வேற" என்று சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்த்ததும் கூட்டிப் பார்க்கிறார். "நேத்துதானே சரியா வந்துச்சு?" என்றால், "இன்னிக்கும் வருதான்னு பாக்க வேண்டாமா?" என்கிறார். எதிர்வீட்டுப் பல் டாக்டரின் எண் ஐந்தில் முடிகிறது. "அஞ்சால வகுபடுதா? பரவால்ல டாக்டர், மனசைத் தளரவிடாதீங்க" என்று தோளைத் தட்டிக்கொடுத்தார். டாக்டர் இப்போது எங்கள் பல்லைப் பார்ப்பதில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் எண்ணையும் கணக்கையும் எழுதிக் கொடுத்தார். ஒருத்தரும் போன் செய்வதில்லை; பொறாமையாம். கூப்பிட்டால் யாரோ ஜாக்கெட் அளவு கேட்கிறார் என்று அண்ணி எழுதியிருந்ததற்கும், "உங்க அண்ணிக்கு எப்பவும் விளையாட்டு" என்று சிரித்தார்.

பிறகு, இந்த எண்ணை எந்தக் காலத்திலும் மாற்றக் கூடாது என்று டெலிபோன் ஆபீசுக்கு நாலு பக்க மனு. நேற்று பதில் வந்தது: 'தாங்கள் குறிப்பிடும் எண் தங்கள் பெயரில் இல்லை.' "அபகரிச்சுட்டாங்க!" என்று நாற்காலியில் விழுந்தவர் இன்னும் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை கரும்பலகையோடு ஆபீஸ் வாசலில் உட்காரப் போகிறாராம். பலகை வாங்கியாயிற்று. "நாலு பேர் சிரிப்பாங்க" என்றேன். "கூட்டிப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்" என்கிறார்.

என் பிறந்தநாளை ஒரு தரமும் நினைவு வைத்திராத மனுஷருக்கு ஒரு எண்ணின் மேல் இத்தனை பாசமா என்று முதலில் எரிச்சல்தான். ஆனால் விடை சரியாக வந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைக் கதவோரம் நின்று பார்ப்பது எனக்கும் பழகிவிட்டது. அது போய்விடக் கூடாது அண்ணா. ஆகவே, இந்த எண் எங்களுடையதுதான் என்று கல்லூரித் தாளில் முத்திரை குத்தி ஒரு சான்றிதழ் உடனே அனுப்பு.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். பேசும் நிலையில் இருந்தால் அவரும் விசாரித்திருப்பார்.

உன் தங்கை

பின்குறிப்பு: சான்றிதழ் வேண்டாம். உறையை ஒட்டுமுன் பழைய பில்லைப் பார்த்தேன். எங்கள் எண் 5882535. கடைசியில் வரும் 535-ஐ 353 என்று மாற்றி எழுதி ஒட்டியது நான்தான். அது ஐந்தால் வகுபடுகிறது, ஒன்பதாலும் வகுபடுகிறது. கட்டுப்பாடே இல்லாத எண். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. 5882353-ஐக் கூப்பிட்டேன். எடுத்தவர் ஒரு தையல்காரர். எண்ணை மாற்றிக்கொள்ளலாமா என்றேன். "அது மட்டும் முடியாதும்மா. சார் சொன்ன கணக்கு சரியா வருதுன்னு ஊரே கூப்பிட்டுச் சொல்லுது. தொல்லை தாங்காம நானும் ஒருநாள் போட்டுப் பாத்தேன். இப்ப தினம் போட்டுப் பாத்துட்டுத்தான் மிஷின்லயே உக்கார்றேன். யாரும்மா அந்த சார்?" என்றார். திங்கட்கிழமை கரும்பலகையைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.