மூடி திறப்பு விழா

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் உருப்படியாக நடந்த ஒரே காரியம், எங்கள் பால்கனியில் நான் உரத்தொட்டி வைத்ததுதான்.

இந்த வரலாற்று நிகழ்வில் ஒரு சிறு குறை. உள்ளே எதுவும் மட்கவில்லை. எப்போதோ போட்ட முட்டைக்கோஸ் இலை காய்ந்து சுருங்கியிருந்தது. ஆனாலும் முட்டைக்கோஸ் இலையாகவே இருந்தது. அடியில் காற்றுத் துளை, காய்கறித் தோலுக்கு மேல் சருகு, அவ்வப்போது லேசாகத் தண்ணீர்த் தெளிப்பு என்று எல்லாம் முறைப்படி செய்திருந்தேன். காரணம் மட்டும் பிடிபடவில்லை.

அறிவை மட்டும் நான் பூட்டி வைக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், உட்காரச் சொல்லும் முன்பே பால்கனிக்கு அழைத்துப் போவேன். மின் மீட்டர் பார்க்க வந்தவர், முகவரி தவறி வந்தவர், மேல்வீட்டுப் பல் டாக்டர் என்று ஒருவரும் தப்பியதில்லை.

"டாக்டர், உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிருங்க கோடிக்கணக்குல இருக்கு. அதுங்க குப்பையத் தின்னுறப்ப சூடு வரும். அந்தச் சூடும் ஈரமும் வெளிய போகாம இருந்தாத்தான் குப்ப மண்ணாகும். இப்பப் பாருங்க" என்று மூடியை அகலத் திறந்து, அடிவரை கிளறிக் காட்டுவேன்.

"ஆறிப்போய்த்தானே இருக்கு?" என்றார் டாக்டர்.

"அதான் சார் ஆராய்ச்சி" என்றேன்.

மனைவி கெடு வைத்தாள். "இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். மண்ணு வரலன்னா தொட்டி பழைய சாமான் கடைக்குப் போயிடும். அந்த எடத்துல நான் உக்காரணும். இந்த வீட்டுல எனக்குன்னு ஒரு மூலை கெடையாது."

அறிவியலுக்கே விடப்பட்ட சவால். அன்றிலிருந்து மணிக்கொரு முறை திறந்து சோதித்தேன். ஒருநாள் அடி ஆழத்தை ஆராயக் குனிந்தவன் நிமிரவில்லை. மைத்துனன் வந்து என்னை மடங்கிய நிலையிலேயே தூக்கிக் கட்டிலில் போட்டான். மாதக் கடைசி வரை எழுந்திருக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

ஆனாலும் நிர்வாகம் நிற்கவில்லை. "காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ தொறந்து நல்லாக் கிளறு. எப்படி இருக்குன்னு வந்து சொல்லு" என்று படுத்தபடியே ஆணையிட்டேன்.

"ம்" என்றாள் மனைவி. அதை முழு ஒப்புதலாக ஏற்றுக்கொண்டேன்.

மாதக் கடைசியில் மைத்துனன் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து மூக்கருகே நீட்டினான். கறுப்பாக, உதிரியாக, மழை நனைத்த தரையின் வாசனையோடு மண்.

"பாத்தியா மாப்ள, படுத்த எடத்துலேருந்தே சாதிச்சிட்டேன்."

"படுத்ததாலதான் மாமா" என்றான்.

சுவரைப் பிடித்துப் பிடித்து பால்கனிக்குப் போனேன். மூடிய தொட்டியின் மேல் தலையணை போட்டு, கம்பியில் கால் நீட்டி, மனைவி கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"எந்திரி. உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"மாட்டேன்."

"நான் சொன்ன மாதிரி கிளறுனியா?"

"வாரத்துக்கு ஒரு தடவ. மத்தபடி மூடிட்டு மேல உக்காந்துடுவேன். சூடு வெளிய போகக்கூடாதாமே?"

"யாரு சொன்னா?"

"நீங்கதான். பல் டாக்டர்கிட்ட சொன்னீங்க. அவரு கேட்டாரோ இல்லையோ, நான் கேட்டேன்."

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது.

உரத்தொட்டியோடு போராடும் அனைவருக்கும் என் நீண்ட ஆராய்ச்சியின் முடிவை அறிவிக்கிறேன். தோலுக்கு மேல் சருகு போடுங்கள். மூடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் கிளறுங்கள். அதைப் பற்றி நன்றாக விளக்கத் தெரிந்த ஆள் வீட்டில் இருந்தால், மற்ற நேரமெல்லாம் யாராவது அதன்மேல் உட்கார்ந்துகொள்ளுங்கள்.