முத்திரை பெற்ற கதவு

நெடுங்கரை நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சுவரும் கூரையும் வீட்டுக்காரருடையவை. கதவு மட்டும் குடியிருப்பவருடையது. வீடு மாறுகிறவர்கள் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். கதவு நின்றால் குடி இருக்கிறது; கதவு போனால் வீடு காலி. அங்கே வேறு பத்திரம் கிடையாது.

ஓர் ஆண்டு மூச்சுக்காய்ச்சல் வந்தது. தறிகள் நின்றன, வாடகையும் நின்றது. அரசர் மனமிரங்கி ஆணையிட்டார்: "காய்ச்சல் தீரும்வரை எந்தக் குடியையும் எவரும் வெளியேற்றலாகாது."

பாயில் படுத்திருந்த நெசவாளி குற்றாலிங்கம் அதைக் கேட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. அவர் மனைவி சொர்ணவடிவுக்கு எதையும் கேட்காமல் விடமுடியாது. "நாம குடிதான்னு அரசருக்கு எப்படித் தெரியும்?"

மறுநாளே பதில் வந்தது. பாதுகாப்பு வேண்டுவோர் தத்தம் கதவை அரண்மனைக்குக் கொண்டுவந்து முத்திரை பெறவேண்டும்.

"வீட்டுக்காரர் எதிர்லயே நிக்காரு. கதவில்லாம உங்களை எப்படி விட்டுட்டுப் போக?"

"போயிட்டு வா. நான் என்ன எந்திரிச்சு ஓடியா போகப்போறேன்?"

வாசலில் சேலையொன்றைக் கட்டிவிட்டுக் கதவைச் சுமந்து போனாள். வரிசையில் எல்லார் தலையிலும் கதவு. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு தெருவே நடந்துபோவது போலிருந்தது. மூன்றாம் நாள் அவள் முறை வந்தது. கற்பூரம் கட்டிய திரைக்குப் பின்னால் அதிகாரி இருந்தார்.

"நோயாளி நேரில் வந்திருக்கவேண்டும்."

"வந்தா உங்களுக்கு ஒட்டிக்கிடுமேய்யா?"

"ஆகையால் வரலாகாது என்றும் ஆணை உள்ளது."

"ரெண்டுல எதுங்கய்யா சட்டம்?"

"இரண்டும். நமது சட்டம் விசாலமானது."

"கதவு இங்க இருக்கிற நேரத்துல வீடு காலின்னு ஆயிடாதா?"

அதிகாரி எழுதுகோலை வைத்துவிட்டு உண்மையாகவே யோசித்தார். "நல்ல கேள்வி. இதுவரை எவரும் கேட்கவில்லை. குறித்துக்கொள்கிறேன்." பிறகு முத்திரையிட்டார்: 'இக்கதவின் உள்ளே இருப்பவரை எவரும் வெளியேற்றலாகாது.'

அவள் திரும்பியபோது வாசலில் வேறொருவர் கதவு இருந்தது. குற்றாலிங்கம் பூவரசமரத்தடியில், அதே பாயில் கிடந்தார். உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

வீட்டுக்காரர் வைரவநாதர் தள்ளி நின்று கைகூப்பினார். "ஆணையை மீறி நான் யாரையும் வெளியேத்தல தாயி. கதவில்லாத வீடு காலி வீடு. பாயைத்தான் எடுத்துப் போட்டோம். அவரு அதுல படுத்திருந்தாரு."

கதவிலேயே கணவரைக் கிடத்தி, பக்கத்து வீட்டார் கைகொடுக்க, இடுகாட்டுக்குக் கொண்டுபோனாள். புதைத்த இடத்தில் தலைமாட்டில் கதவை நட்டாள்.

"இது எதுக்கும்மா?" என்றார் வெட்டியான்.

"பாப்போம். இங்கயிருந்தாவது எழுப்பாம விடுறாங்களான்னு."

வரிசையிலிருந்து திரும்பியவர்களில் பலருக்கும் அதே கதை. அவர்களும் அப்படியே கதவு நட்டார்கள். மூன்று மாதத்தில் இடுகாடு நீண்ட தெருவானது.

ஆண்டிறுதியில் ஆணையின் பயனை ஆராய வந்த அமைச்சர், ஊருக்குள் முத்திரைக் கதவைத் தேடிக் களைத்து, கடைசியில் அங்கே கண்டார். அவையில் வாசித்தார்: "முத்திரைக் கதவுகள் யாவும் நிமிர்ந்து நிற்கின்றன. ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. அண்டைவீட்டுச் சச்சரவு கூட இல்லை." அரசர் மகிழ்ந்து அந்தத் தெருவுக்குத் தம் பெயரைச் சூட்டினார்.

அரசர் பெயர் சூட்டிய தெருவில் நிலத்தின் மதிப்பு ஏறாதா? மறுவாரமே வைரவநாதர் அளவுநூலோடு இடுகாட்டில் வந்து நின்றார்.

புதைமேட்டருகே இருந்த சொர்ணவடிவு எழுந்துபோய்த் தன் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"குடி இருக்குதுய்யா," என்றாள். "தட்டிட்டு வாங்க."